ஆறு மாதக் காவல்: லெனகாபவிர் ஊசியும் அதைச் சுமந்துவரும் கைகளும்

தொப்புளிலிருந்து சற்றுத் தள்ளி, வயிற்றுத் தோலை இரண்டு விரல்களால் மெல்லப் பற்றி, தோலுக்கு அடியில் மட்டும் இறங்கும்படி செவிலியர் ஊசியைச் செலுத்துகிறார். ஒன்றரை மில்லி மஞ்சள் நிறத் திரவம் உள்ளே போகிறது. கொஞ்சம் இடம் விட்டு இன்னோர் ஒன்றரை மில்லி. முதல்முறை போட்டுக்கொள்பவர் அன்று இரண்டு மாத்திரைகளும் மறுநாள் இரண்டு மாத்திரைகளும் விழுங்க வேண்டும். அவ்வளவுதான். அதன்பின் ஆறு மாதங்களுக்கு அவர் இந்த மருந்தை நினைக்கவே வேண்டியதில்லை. லெனகாபவிர் என்ற இந்த எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 2025 ஜூனில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிரிக்க நாடுகளான எஸ்வாத்தினியிலும் ஜாம்பியாவிலும் முதல் தவணை வந்து இறங்கியது. செல்வந்த நாடுகளில் புழக்கத்துக்கு வந்த எச்.ஐ.வி. மருந்துகளுக்காக ஆப்பிரிக்கா பல ஆண்டுகள் காத்துக் கிடந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு, இந்த ஐந்து மாத இடைவெளி எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று உடலுக்குள் நடப்பது. மற்றொன்று ஆய்வகம், காப்புரிமை அலுவலகம், மருந்து ஆலை, நிதியம், மாவட்டக் கிடங்கு என நாடுகளைக் கடந்து நடப்பது. இரண்டாவதைப் பலரும் நிர்வாகச் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். லெனகாபவிரைப் பொறுத்தவரை அப்படி ஒதுக்க முடியாது என்பதை அந்த மூலக்கூறின் இயல்பே காட்டுகிறது.

எச்.ஐ.வி. வைரஸின் மரபுப் பொருள் கூம்பு வடிவிலான ஒரு புரதக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. கேப்சிட் எனப்படும் அந்தக் கூடு, ஒரே வகைப் புரதத்தின் ஏறத்தாழ 1,500 பிரதிகள் ஆறு ஆறாகவும், வளைவான இடங்களில் ஐந்து ஐந்தாகவும் கைகோத்து நிற்பதால் உருவாவது. வைரஸ் நம் நோய் எதிர்ப்பு செல்லுக்குள் நுழைந்ததும் இந்தக் கூடுதான் மரபுப் பொருளைச் செல்லின் பாதுகாப்பு ஏற்பாடுகளிடமிருந்து மறைத்து, உட்கருவின் நுண்துளை வரை கொண்டு சேர்க்கிறது. இதற்கு அந்தக் கூடு மிக நுட்பமான ஒரு சமநிலையில் இருக்க வேண்டும். சீக்கிரம் உடைந்துவிட்டால் மரபுப் பொருள் வெளிப்பட்டுவிடும், மிகவும் இறுகிவிட்டால் உட்கருவுக்குள் போய்ச் சேர முடியாது. லெனகாபவிர் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு புரதங்களுக்கு இடையிலுள்ள சிறு குழியில் போய் ஒட்டிக்கொண்டு அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. வைரஸை உட்கருவுக்குள் அழைத்துச் செல்லும் மனித செல்லின் புரதங்கள் வந்து பற்றிக்கொள்ளும் இடமும் அதே குழிதான் என்பதால், வழித்துணையும் கிடைக்காமல் போகிறது. ஒருவேளை ஏற்கெனவே தொற்றிய செல் புதிய வைரஸ்களை உருவாக்க முனைந்தாலும், அவற்றின் கூடுகள் கோணலாக அமைந்து பயனற்றுப் போகின்றன. ஒரே மருந்து வைரஸின் வாழ்க்கையில் வெவ்வேறு கட்டங்களில் குறுக்கே நிற்பது அரிது.

ஆறு மாதம் நிலைப்பதற்குக் காரணம் வேறு. இம்மூலக்கூறு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். மாத்திரையாகத் தயாரிக்க நினைப்பவருக்கு இது தலைவலி. ஆனால் தோலுக்கடியில் வைத்தால் இதுவே வரம். அங்கே சிறு முடிச்சுபோலத் தங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். விரலால் தடவினால் சிலருக்கு அந்த முடிச்சு தட்டுப்படும். உடலின் நொதிகளாலும் இது எளிதில் சிதைவதில்லை. மிகச் சிறிய அளவே வைரஸைத் தடுக்கப் போதுமானதாகவும் இருக்கிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்ததால் 26 வாரக் காவல் சாத்தியமாயிற்று.

இதை உலகுக்கு நிரூபித்தவர்கள் ஆப்பிரிக்காவின் இளம்பெண்கள். தென்னாப்பிரிக்காவில் 25 இடங்களிலும் உகாண்டாவில் 3 இடங்களிலும் நடந்த பர்ப்பஸ்-1 என்ற ஆய்வில், 16 முதல் 25 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் டெஸ்மண்ட் டூட்டு எச்.ஐ.வி. மையத்தைச் சேர்ந்த லிண்டா-கெயில் பெக்கர் ஆய்வை வழிநடத்தினார். 2024 ஜூனில் வெளிவந்த இடைக்கால முடிவில், லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. அதே காலத்தில் வழக்கமான தினசரி தடுப்பு மாத்திரை பெற்ற 1,068 பேர் கொண்ட குழுவில் 16 பேருக்கும், புதுவகைத் தினசரி மாத்திரை பெற்ற 2,136 பேர் கொண்ட குழுவில் 39 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. மருத்துவ ஆய்வுகளில் முழுப் பூஜ்ஜியம் என்பது எளிதில் காணக் கிடைக்காத எண். ஆய்வின் நடுவே கருவுற்ற பெண்களை வெளியேற்றிவிடும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, விரும்பியவர்களைத் தொடர அனுமதித்தது இந்த ஆய்வு. அதன் பயனாகவே கர்ப்பிணிகளுக்கும் இந்த ஊசியை அளிக்கலாம் என்ற தரவு தொடக்கத்திலேயே கையில் கிடைத்தது.

மாத்திரைக் குழுவில் தொற்று ஏற்பட்டதற்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. ஒழுங்காக உட்கொண்டால் அதுவும் நன்றாகவே காக்கும். பெரும்பாலான பெண்களின் இரத்தத்தில் மருந்தின் அளவு மிகக் குறைவாக இருந்ததைப் பரிசோதனைகள் காட்டின. அதாவது மாத்திரை குப்பியிலேயே இருந்துவிட்டது. இதைப் பொறுப்பின்மை என்று தீர்ப்பளிப்பவர்கள் அந்தக் குப்பியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் அது கலகலவென்று ஒலிக்கும். வீட்டில் யாராவது பார்த்துவிட்டால், தொற்றைத் தடுக்கும் மாத்திரைக்கும் தொற்றுக்கான மாத்திரைக்கும் வேறுபாடு தெரியாமல், 'உனக்கு அந்த நோயா?' என்ற கேள்வி வரும். சகாராவுக்குத் தெற்கே புதிதாக எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளாவோரில் பத்துக்கு ஆறு பேர் பெண்களும் சிறுமிகளும்தான். துணைவரிடம் ஆணுறையை வலியுறுத்தும் நிலையில் இல்லாத ஒரு பெண்ணுக்கு, யார் கண்ணிலும் படாத ஓர் ஊசி தருவது மருத்துவப் பாதுகாப்பு மட்டுமல்ல, அந்தரங்கமும்கூட.

இனி உடலுக்கு வெளியே நடப்பதைப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டளவில் எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவானது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத்தின் தலைவர் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் தந்ததால்தான் இது இயன்றது. 2002-இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்க்க நாடுகளுக்குப் பணம் தரும் உலக நிதியமும், 2003-இல் வெளிநாடுகளின் எச்.ஐ.வி. பணிகளுக்கு உதவும் அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டமும் தோன்றின. ஆலை ஒரு பக்கம், வாங்குவதற்கான பணம் மறுபக்கம் என்று இரண்டும் சந்தித்தபோது விலை மளமளவென்று இறங்கியது. 2003-இல் கிளின்டன் அறக்கட்டளை பேசி முடித்த ஒப்பந்தத்தில் அது ஆண்டுக்கு 140 டாலர் அளவுக்கு வந்தது. டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த இன்றைய ஒற்றைக் கூட்டு மாத்திரைக்கு 2017-இல் 75 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டு, 2023-இல் 45 டாலருக்கும் கீழே போயிற்று.

விலை இப்படி இறங்குவதற்குக் கருணை மட்டும் காரணமாக இருக்க முடியாது. மருந்து ஆலைக்குப் பெரும் செலவு பிடிப்பது மூலப்பொருளும் தொடக்க முதலீடும்தான். எவ்வளவு விற்கும் என்று தெரியாதபோது ஆலை சிறு அளவில் தயாரித்து, ஆபத்துக்கும் சேர்த்து விலை வைக்கும். இத்தனை லட்சம் பேருக்கான மருந்தை இத்தனை ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பகமான ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால், ஆலை பெரிய அளவில் மூலப்பொருளை வாங்கும், வேதிச் செய்முறையைச் செம்மைப்படுத்தும், மிகக் குறைந்த இலாபத்திலும் நிம்மதியாக ஓடும். உலக நிதியம் பல நாடுகளின் தேவைகளைத் திரட்டி ஒரே கொள்முதலாக வாங்குவதன் பயன் இதுதான். தரம் பற்றிய ஐயத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று இருக்கிறது. அந்தச் சான்று பெற்ற மருந்தைச் சிறிய நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தாமே எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சோதிக்காமல் விரைவாக ஏற்றுக்கொள்ள முடிகிறது.

லெனகாபவிருக்கும் இதே வழித்தடந்தான் பயன்பட்டது, இம்முறை வேகமாக. காப்புரிமை வைத்திருக்கும் கிலியட் நிறுவனம் 2024 அக்டோபரில், ராயல்டி இல்லாமல் 120 நாடுகளுக்குத் தயாரித்து விற்கும் உரிமத்தை ஆறு ஜெனரிக் நிறுவனங்களுக்கு, அதாவது அதே மருந்தை மலிவாகத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு, அளித்தது. ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும் அவற்றில் உண்டு. 2025 செப்டம்பரில், சர்வதேச சுகாதார நிதி அமைப்பான யூனிட்எய்ட், கிளின்டன் சுகாதார முனைப்பு, தென்னாப்பிரிக்காவின் ஆய்வு நிறுவனமான விட்ஸ் ஆர்.எச்.ஐ. ஆகியவை டாக்டர் ரெட்டீஸுடனும், கேட்ஸ் அறக்கட்டளை ஹெட்டெரோவுடனும் செய்துகொண்ட ஏற்பாடுகளின்படி, 2027 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலருக்கு இந்த ஊசி கிடைக்கும். அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கும் மேல். ஜெனரிக் ஊசி பரவலாகக் கிடைக்கும் வரை, கிலியட் தரும் மருந்தைக் கொண்டு மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் பேரை எட்டுவது உலக நிதியமும் பெப்ஃபாரும் அறிவித்த இலக்கு. அந்த மருந்தை இலாபமின்றித் தருவதாகக் கிலியட் கூறியிருக்கிறது. ஆனால் பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகள் இந்த உரிமப் பட்டியலில் இல்லை. இம்மருந்தின் மற்றோர் ஆய்வுக்குத் தம் உடலைத் தந்தவர்கள் அந்நாடுகளிலும் இருந்தார்கள் என்பது மனத்தை உறுத்துகிறது.

மருந்து வந்து இறங்கிவிட்டால் போதுமா? ஊசி போடுவதற்கு முன் அவருக்கு ஏற்கெனவே தொற்று இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இதற்கு வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் விலையுயர்ந்த பரிசோதனை கட்டாயம் என்றிருந்தால், ஆய்வகம் இல்லாத கிராம மருத்துவமனைகளில் இந்த ஊசியே இருக்காது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் சாதாரண விரைவுப் பரிசோதனையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. காகிதத்தில் சில வரிகள்தான். ஊசி எத்தனை வாசல்களுக்குப் போகும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை, லெனகாபவிரின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால், காசநோய் மிகுந்த ஆப்பிரிக்காவின் தெற்கு வட்டாரத்தில் செவிலியர் அதையும் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது இம்மருந்தின் 'வால்'. தோலுக்கடியில் இருக்கும் முடிச்சு ஆறு மாதம் முடிந்ததும் சட்டென்று மறைந்துவிடாது. இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாவதற்கே எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அடுத்த ஊசி வராமல் போனால், தடுக்கப் போதாத, ஆனால் முற்றிலும் நீங்காத அளவு மருந்து மாதக்கணக்கில் உடலில் இருக்கும். அந்தக் காலத்தில் தொற்று ஏற்பட்டால், வைரஸ் அந்த மெலிந்த மருந்தோடு பழகி, அதை எதிர்க்கும் வகையாக மாறிவிட வாய்ப்புண்டு. ஆகவே அடுத்த ஊசி 26 வாரத்துக்கு முன்னோ பின்னோ இரண்டு வாரத்துக்குள் கிடைத்தாக வேண்டும் என்கிறது மருந்துக் குறிப்பு. வெகு தொலைவிலுள்ள ஒரு தலைநகரில் கையெழுத்தாகும் நிதி ஒதுக்கீடு இங்கே மருந்தியலின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அந்த ஒதுக்கீடு எவ்வளவு நிலையற்றது என்பதை 2025 காட்டியது. ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. சில நாட்களில் பணி நிறுத்த உத்தரவுகள் சென்றன. உயிர்காக்கும் சிகிச்சைக்குப் பிப்ரவரியில் விலக்கு கிடைத்தபோதும், தடுப்பு மருந்துக்கான விலக்கு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டுமே பொருந்தியது. மற்றவர்களுக்குக் கதவு மூடியது. தென்னாப்பிரிக்கா தன் எச்.ஐ.வி. செலவின் பெரும்பகுதியைத் தானே ஏற்பதால் ஓரளவு தாக்குப்பிடித்தது. வெளி உதவியையே சார்ந்திருந்த நாடுகள் தடுமாறின. ஆப்பிரிக்க நாடுகள் 2001-இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, வரவுசெலவுத் திட்டத்தில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதியெடுத்தன. பெரும்பாலான நாடுகள் அந்த அளவை எட்டவில்லை. 40 டாலர் விலை முக்கியமாவது இதனால்தான்: கொடையாளர் விலகினாலும் ஒரு சுகாதார அமைச்சகம் தன் பணத்தில் வாங்கக்கூடிய எல்லைக்குள் அது இருக்கிறது.

அந்த விலை வருவதற்கு முன்னரே மாவட்ட மருந்துக் கிடங்கின் பொறுப்பாளருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜூலையில் நூறு பேர் ஊசி போட்டுக்கொண்டால், ஜனவரியில் அந்த நூறு பேருக்கான மருந்தைத் தனியாகவும், புதிதாக வருவோருக்குத் தேவையானதைத் தனியாகவும் எழுதி, சில மாதங்கள் முன்னதாகவே தலைநகருக்கு அனுப்ப வேண்டும். கையிருப்பு குறைந்தால் புதியவர்களைக் காத்திருக்கச் சொல்லலாம். பழைய நூறு பேருக்கான பெட்டியில் அவர் கைவைக்கக் கூடாது.