சிறையைக் காலி செய்யச் சொன்ன நீதிபதி

ஒரே தப்புக்கு எல்லோருக்கும் ஒரே அபராதம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் வசதியானவர் அதைக் கட்டிவிட்டு மறந்துவிடுவார், கூலி வேலை செய்கிறவர் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போவார். 1930-களின் தொடக்கத்தில் சுவீடனில் இப்படிச் சிறை போனவர்கள் மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல்.

இதற்கு மாற்றாக 1931-இல் சட்டமானதுதான் ‘நாள் அபராதம்’. பேராசிரியர் யோஹான் தீரேன் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவந்த யோசனை. நீதிமன்றம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்கும். எத்தனை நாள்? அதைக் குற்றத்தின் கனம் தீர்மானிக்கும். ஒரு நாளுக்கு எவ்வளவு? அதற்குத்தான் வருமானம், பிள்ளைகள், கடன் எல்லாம் கணக்கில் வரும். இரண்டையும் பெருக்கினால் அபராதம்.

இந்தக் காலக் கணக்கில் பார்ப்போம். ஒரு குற்றத்துக்கு 30 முதல் 150 நாள், நாளொன்றுக்கு 50 முதல் 1,000 குரோனர் (சுவீடன் நாணயம்). தோராயமாக ஆண்டு வருமானத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடையில் திருடிய இருவருக்கும் 50 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3 லட்சம் வாங்கும் கிடங்குத் தொழிலாளி 15,000 கட்டுவார், 9 லட்சம் வாங்கும் டாக்டர் 45,000. தீர்ப்பில் இருவருக்கும் அதே ‘50 நாள்’தான், குற்றம் ஒன்று என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான். (வேகமாகக் கார் ஓட்டினால் வருமானத்துக்கு ஏற்ற அபராதம் என்று செய்தியில் வருவது பின்லாந்து, சுவீடனில் அதற்கு நிலையான தொகைதான்.)

சரி, அப்படியும் ஒருவரால் கட்ட முடியவில்லை என்றால்? இங்கேதான் கார்ல் ஷ்லீட்டர் வருகிறார். சுவீடனின் மால்மோ நகரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவராக இருந்து, 1932-இல் பிரதமர் பெர் அல்பின் ஹான்சன் அரசில் நீதித்துறை அமைச்சரானவர். ‘சிறைகளைக் காலி செய்யுங்கள்’ என்று 1934-இல் அவர் பேசியது வெறும் கோஷம் இல்லை. 1937-இல் வந்த சட்டப்படி, அபராதம் பாக்கி என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளே தள்ள முடியாது. அவரால் முடியவில்லையா, வேண்டுமென்றே ஏமாற்றுகிறாரா என்று நீதிமன்றம் மறுபடி விசாரித்தாக வேண்டும். அவகாசம் கொடுத்து, தவணையில் வாங்கவும் வழி இருந்தது.

1940-களின் நடுவில், அபராதம் கட்டாமல் சிறைக்குப் போனவர்கள் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான்.