தாத்தாவின் கறுப்புப் பெட்டி

தாத்தா விட்டுப்போன சாமான்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. பேக்கலைட் மூடி, ஓரத்தில் வரிசையாக ஐந்து திருகுகள். பழைய கார் சாமான் என்பது மட்டும் தெரியும். கார் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. ஃபியூஸ் பெட்டி என்றார் ஒருவர், ஹாரன் ரிலே என்றார் இன்னொருவர்.

இப்படி ஒன்று கையில் சிக்கினால் இரண்டு காரியங்களுக்குக் கை பரபரக்கும். ஒன்று, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது. இன்னொன்று, பேட்டரியில் இரண்டு ஒயரை மாட்டிப் பார்ப்பது. இரண்டுமே வேண்டாம். தேய்த்தால் பொறித்த எழுத்து அழியும், ஒயரை இடம் தெரியாமல் மாட்டினால் உள்ளே இருப்பது கருகும்.

முதலில் எழுத்துகளைத் தேட வேண்டும். கார் மின்சாமான்கள் செய்த பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸ் தன் சாமான்கள் பலவற்றில் மாதத்தையும் ஆண்டையும் எண்ணாகவே குத்திவைத்தது. 6 52 என்றிருந்தால் 1952 ஜூன். மேற்கு ஜெர்மனித் தயாரிப்பு என்றிருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்துப் பொருள். ஆனால் ஆண்டு தெரிந்தால் வேலை தெரிந்துவிடாது. வேலையைச் சொல்வது திருகுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிகள்தான். ஜெர்மன் கார்களில் அவை பெரும்பாலும் எண்கள்: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, 15 என்றால் சாவி போட்ட பிறகு வருவது, 31 என்றால் எர்த். அமெரிக்கப் பெட்டிகளில் பேட்டரி, ஜெனரேட்டர், ஃபீல்டு என்ற சொற்களையே சுருக்கி எழுதியிருப்பார்கள்.

எங்கள் பெட்டியில், அழுக்கைத் துணியால் துடைத்ததும் தெரிந்தவை ஏ, ஏ1, எஃப், டி, ஈ. இது பிரிட்டிஷ் பாணி. டி, எஞ்சின் சுழற்றச் சுழற்ற மின்சாரம் தரும் டைனமோவுக்கு, எஃப் அந்த டைனமோவுக்குள் காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு சுருளுக்கு, ஏ பேட்டரிப் பக்கம், ஏ1 விளக்கு முதலானவற்றுக்கு, ஈ எர்த்துக்கு. ஆக இது ஃபியூஸும் இல்லை, ஹாரன் ரிலேயும் இல்லை. டைனமோவையும் பேட்டரியையும் மேய்க்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது வோல்டேஜை அடக்கும் ரெகுலேட்டரும், கரண்ட் திரும்பிப் பாயாமல் இணைப்பை வெட்டும் கட்-அவுட்டும் சேர்ந்தது.

மேய்ப்பதற்கு என்ன அவசியம்? டைனமோ கொஞ்சம் முரட்டுப் பிராணி. எஞ்சின் வேகமெடுத்தால் அதன் வோல்டேஜும் ஏறிக்கொண்டே போகும்; விட்டால் பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். எஞ்சின் நின்றாலோ கதை தலைகீழ். பேட்டரியிலிருந்து கரண்ட் டைனமோவுக்குள் பாய்ந்து அதை மோட்டாராகச் சுழற்றப் பார்க்கும். இந்த இரண்டு தொல்லைகளையும் அடக்கத்தான் மூடிக்குள் இரண்டு இரும்புக் கட்டைகளில் செம்புக் கம்பி சுற்றிவைத்திருக்கிறார்கள்.

இரண்டில் எனக்குப் பிடித்தது கட்-அவுட். ஒரே கட்டையில் இரண்டு சுற்று: முடி போல மெல்லிய கம்பி பல நூறு சுற்று, தடித்த கம்பி சில சுற்று மட்டும். மெல்லியது டைனமோவின் வோல்டேஜைப் பார்க்கிறது. 12 வோல்ட் காரில் அது 13 வோல்ட்டை ஒட்டி வந்ததும், காந்தம் மேலே இருக்கும் தகட்டை இழுக்கும், பாயிண்ட்கள் (தொட்டால் கரண்ட் போகவிடும் இரண்டு உலோக முனைகள்) சேரும், பேட்டரி சார்ஜ் ஆகும். அந்த சார்ஜிங் கரண்ட் தடித்த கம்பி வழியாகத்தான் போகிறது. அதனால் காந்தம் இன்னும் இறுகப் பிடிக்கிறது. எஞ்சின் மெதுவானதும் கரண்ட் திரும்பிப் பாய ஆரம்பிக்கும். இப்போது தடித்த சுற்றின் காந்தம் மெல்லிய சுற்றின் காந்தத்துக்கு எதிரி. பிடி தளர்ந்து, ஸ்பிரிங் தகட்டை இழுத்துக்கொள்ளும். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று இன்று செய்யும் வேலையை, இரண்டு கம்பிகளின் சண்டையை வைத்து முடித்துவிட்டார்கள்.

ரெகுலேட்டர் இதற்கு அண்ணன். அதன் பாயிண்ட்கள் சாதாரணமாகச் சேர்ந்தே இருக்கும். அவற்றின் வழியே ஃபீல்டு சுருளுக்கு முழுக் கரண்ட் போகும். வோல்டேஜ் அளவு மீறினால் காந்தம் பாயிண்ட்டைப் பிரிக்கும். அப்போது ஃபீல்டு கரண்ட், பெட்டியின் அடியில் இருக்கும், கரண்டைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். உடனே வோல்டேஜ் இறங்கும், பாயிண்ட் மறுபடி சேரும். நொடிக்குப் பல முறை இந்தத் துடிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

இது புரிந்துவிட்டால் மல்டிமீட்டரை வைத்தே பெட்டியை விசாரிக்கலாம். எதிலும் மாட்டாத பெட்டியில் டி-க்கும் எஃப்-க்கும் இடையே மின்தடை கிட்டத்தட்டப் பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். பல பத்து ஓம் காட்டினால் பாயிண்ட் அழுக்காகி, மீட்டர் ரெசிஸ்டரைத்தான் பார்க்கிறது என்று அர்த்தம். டி-க்கும் ஏ-க்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது, அங்கே கட்-அவுட் திறந்து கிடக்கிறது. மீட்டரைத் தொடும் முன் மூடியைத் திறந்து பார்ப்பதும் நல்லது. பழைய கார் பிரியர்கள் சிலர் குடலை எடுத்துவிட்டு, அதே கூட்டுக்குள் எலெக்ட்ரானிக் சர்க்யூட்டை ஒளித்துவைப்பதுண்டு.

எங்கள் பெட்டியில் சுருள்கள் இரண்டும் அசல்தான். டி-க்கும் எஃப்-க்கும் பூஜ்யம், சரி. மீட்டர் முனையை ஏ-க்கு மாற்றினேன். அங்கேயும் பூஜ்யம். கட்-அவுட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு பாயிண்ட்களும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இந்தப் பெட்டி மாட்டியிருந்த வரை, நிறுத்திவைத்த காரின் பேட்டரி டைனமோ வழியாக வடிந்துகொண்டே இருந்திருக்கும். தாத்தா இதைக் கழற்றி வைத்தது ஏன் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே துப்பு அந்த ஒட்டு.