கடல் உப்பு புண்ணை ஆற்றாது: மட்டி பொறுக்கப் போகும் மலைக்காரர்களுக்கு

அண்மையில் ஒரு திங்கட்கிழமை காலையில், வேன் ஓட்டுநர் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக நீலகிரியில் உள்ள என் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர். பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வலது கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. கணுக்காலுக்கு மேலே நாவல்பழ நிறத்தில் மூன்று கொப்புளங்கள் இருந்தன. தொடாமலேயே வலியில் முனகினார். “ராத்திரி முழுக்க வேன்லயே உக்காந்து வந்தாரு டாக்டர், அதான் கால் வீங்கிருச்சு” என்றார் அவருடைய மனைவி. வழியில் ஒரு மருந்துக் கடையிலும் அப்படித்தான் சொல்லி வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தபோது பெருவிரலுக்கு அடியில் அரை அங்குல நீளத்தில் ஒரு கீறல் தெரிந்தது. எப்போது பட்டது என்று கேட்டேன். சனிக்கிழமை காலையில் தொண்டிப் பக்கம் கடற்கரையில், தூண்டில் இரைக்காக மட்டி பொறுக்கும்போது ஓடு கிழித்துவிட்டது என்றார். அதன்பிறகு என்ன செய்தீர்கள் என்றதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: “ஒண்ணும் செய்யல டாக்டர். உப்புத் தண்ணிதானே, தானா ஆறிடும்னு ரொம்ப நேரம் கடல்லயே காலை வச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதிலை மாற்றவில்லை. இதே பதிலை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதையே சொன்ன, கல்லீரல் பாதிப்புள்ள ஒருவர் கோயம்புத்தூர் மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பவில்லை.

நம் மலையில் தூண்டில் போடுகிறவர்கள் மண்புழுவும் மாவுருண்டையும் வைத்துப் பழகியவர்கள். வேளாங்கண்ணிக்கோ இராமேசுவரத்துக்கோ போகும்போது தூண்டிலையும் எடுத்துப் போகிறார்கள். கிழங்கான் மீனுக்கு மட்டிச் சதை நல்ல இரை என்று அங்கே யாராவது சொல்ல, தண்ணீர் வற்றிய நேரத்தில் குடும்பமே வெறுங்காலோடு சேற்றில் இறங்கித் துழாவுகிறது. விசிறி போல வரி ஓடிய தடித்த ஓடு, திறந்தால் இரத்தம் போலச் சிவந்த நீர்: பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். அதில் நான் குறை காணவில்லை. ஆண்டு முழுதும் காலுறையும் காலணியும் போட்டு மென்மையாகிப்போன நம் பாதங்கள், கரையில் பிறந்து வளர்ந்தவர்களின் பாதங்களைப் போல அந்த ஓட்டின் விளிம்பைத் தாங்குவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். சர்க்கரையால் பாதத்தின் உணர்ச்சி மழுங்கியவருக்குக் கிழிந்ததே தெரியாது.

உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. தொண்டை கட்டினால் உப்பு நீரில் கொப்பளிக்கிறோம். பல் பிடுங்கினால் மருத்துவரே வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கழுவச் சொல்கிறார். மருத்துவமனையில் புண்ணைக் கழுவுவதற்கும் உப்பு நீரைத்தான் எடுக்கிறோம். மீனை உப்பிட்டுக் காயவைத்தால் கருவாடாகிக் கெடாமல் இருக்கிறது. நார்த்தங்காயை உப்பில் ஊறவைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ஆகவே கடல் முழுவதும் உப்பு என்பதால் அது முழுவதும் மருந்து என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு தவறு. புண் கழுவ நாங்கள் எடுக்கும் உப்பு நீர், கிருமி நீக்கி மூடி வைத்த நீர். ஒரு லிட்டரில் ஒன்பது கிராம் உப்புதான் அதில் இருக்கும். அது கிருமியைக் கொல்வதில்லை. அழுக்கை அடித்துக்கொண்டு போவதும், சதையை எரிக்காமல் இருப்பதும்தான் அதன் வேலை. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பு அளவு கடந்து இருப்பதாலும், நீர் வற்றிப்போவதாலும்தான் கிருமி பிழைப்பதில்லை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனும் நண்டும் மட்டியும் அதில்தான் வாழ்கின்றன, செத்தால் அதிலேயே அழுகுகின்றன. கடலில் செத்த மீன் அழுகாமலா கிடக்கிறது? அதை அழுகவைக்கும் கிருமிகளுக்கு அந்த உப்பு ஒரு தடையே இல்லை.

தடை இல்லாதது மட்டுமல்ல, சில கிருமிகள் உப்பு இல்லாமல் வளர்வதே இல்லை. விப்ரியோ வல்னிஃபிகஸ் அப்படிப்பட்டது. காலராக் கிருமியின் நெருங்கிய உறவு. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் முகத்துவாரங்களிலும், ஆழமில்லாத வெதுவெதுப்பான கரையோர நீரிலும் அது செழிக்கிறது. நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் வேகமாகப் பெருகும். நம் தமிழகக் கரைகளில் நீர் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மட்டி தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்து வடிகட்டி உண்ணும் உயிர் என்பதால், நீரில் சிதறிக் கிடக்கும் கிருமி அதன் உடலில் செறிந்து சேர்கிறது. அதன் ஓடு கிழித்த இடத்தை அதே நீரில் ஊறவைப்பதைவிடக் கிருமிக்கு வசதியான ஏற்பாடு வேறு இல்லை. ஓட்டைக் கத்தியால் நெம்பித் திறக்கும்போது கட்டைவிரல் இடுக்கில் படும் வெட்டுக்கும், இரை கோக்கும்போது குத்தும் தூண்டில் முள்ளுக்கும் இதுவே பொருந்தும்.

இந்த நோய் அரிதானது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கடற்கரையில் கீறல்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் வந்தவருக்கு அது காத்திருப்பதில்லை. கீறல்பட்டுப் பெரும்பாலும் அரை நாளிலிருந்து மூன்று நாளுக்குள் தொடங்கும். சிறிய கீறலுக்குப் பொருந்தாத அளவு கடுமையான வலி, மணிக்கு மணி பரவும் சிவப்பு, காய்ச்சல், குளிர் நடுக்கம், பிறகு இரத்தம் கட்டிய கொப்புளம். நோய் கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார், சில நேரம் நோய் தொடங்கிய ஓரிரு நாளிலேயே. கல்லீரல் கெட்டவர்கள், குறிப்பாக நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். உங்கள் கல்லீரல் நன்றாக இருக்கிறதா என்பது பரிசோதனை செய்யாதவரை உங்களுக்கே தெரியாது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையில் கால் வீங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நம் கை ஒரே மருந்தை எழுதப் பழகிவிட்டது. நம் ஓடைகளின் குளிர்ந்த நன்னீரில் இந்தக் கிருமியை நாம் எதிர்பார்ப்பதில்லை, அதனால் கேட்பதும் இல்லை. கடலுக்குப் போய் வந்தவருக்கு வழக்கமான தோல் தொற்று மாத்திரை போதாது. டாக்சிசைக்ளினோடு மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் ஊசியையும் உடனே தொடங்கி, அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். சீழோ இரத்தமோ ஆய்வகத்துக்கு அனுப்பும்போது கடல் தொடர்பு உண்டு என்று சீட்டில் எழுதுங்கள். அதற்கான தனி வளர்ப்பு ஊடகத்தை அவர்கள் எடுப்பதற்கு அந்த ஒரு வரி போதும். இந்த மருந்துப் பெயர்களைப் படித்துவிட்டுக் கடையில் வாங்கி விழுங்கும் வேலையைப் பொதுமக்கள் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அந்த ஓட்டுநருக்கு முதல் ஊசிகளைப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்து ஒன்று கேட்டார். இரைக்குப் போக மிஞ்சிய மட்டி ஒரு பை நிறைய வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறதாம். நன்றாக வேகவைத்துக் குழம்பு வைக்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். நன்றாகக் கொதித்தால் விப்ரியோ சாகும் என்பது உண்மைதான். ஆனால் கடலில் சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் மட்டிக்குள் சேரும் நரம்பு நஞ்சு வேறு வகை: கொதித்தாலும் அழியாது, குளிர்பெட்டியிலும் அழியாது, மணத்திலும் சுவையிலும் தெரியாது. எலுமிச்சையும் புளியும் அதை ஒன்றும் செய்யாது. தின்ற சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், கை கால் துவளும், கடைசியில் மூச்சுத் தசையும் நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருப்பதுதான் வைத்தியம். 1981-இல் தமிழகக் கரையிலேயே மட்டி தின்ற மூவர் இப்படி இறந்தார்கள். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று ஏழு பேர் இறந்தார்கள். இரைக்கென்று வெயிலில் பையில் கிடந்ததை உணவாக்காதீர்கள். மிஞ்சியதை உயிரோடு இருக்கும்போதே எடுத்த இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள்.

மட்டி பொறுக்கப் போகிறவர்கள் கணுக்காலை மூடும் ரப்பர் காலணி போடாமல் சேற்றில் இறங்க வேண்டாம். ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுவிடும், அது காலணி ஆகாது. கையில் தடித்த உறை போடுங்கள். ஆறாத புண்ணோ, அண்மையில் தையல் போட்ட காயமோ இருந்தால் கரையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்த்தமாட வந்த இடத்தில் இதைச் சொல்வது சங்கடம்தான். புண் உள்ள சர்க்கரை நோயாளிகள் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும்படி கெஞ்சிக் கேட்கிறேன். கிழிந்துவிட்டால் கடலை விட்டு உடனே வெளியே வந்து, குடிநீரும் சோப்பும் கொண்டு ஐந்து நிமிடமாவது நன்றாகக் கழுவுங்கள். அதற்காகவே வேனில் ஒரு கேன் தண்ணீரும் ஒரு சோப்பும் இருக்கட்டும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அன்று இரவு பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் வீட்டாரிடம் காட்டுங்கள்.

சிவப்பு தெரிந்தால் அதன் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு நேரம் எழுதுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால், அல்லது வலி கீறலுக்குப் பொருந்தாத அளவு இருந்தால், கடற்கரை மாவட்டத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மலையேறி வருவதால், அறுவைக் கூடத்தை விட்டு விலகித்தான் வருகிறீர்கள். இங்கிருந்து மறுபடியும் 33 கிலோமீட்டர் மலைப்பாதை இறங்கினால்தான் மேட்டுப்பாளையம், அதற்கும் அப்பால் கோயம்புத்தூர். ஓட்டுநருக்கு இப்படி வீணான நேரம் இரண்டு விரல்களையும், முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கத்துத் தோல் முழுவதையும் கொண்டுபோய்விட்டது. கால் தப்பியது, தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் இப்போதுதான் பிடித்து வருகிறது.

மலைக்கு வந்த பிறகுதான் காய்ச்சல் தொடங்கியது என்றால், எந்த மருத்துவரிடம் போனாலும், கடலுக்குப் போனதையும் எந்த நாளில் கீறியது என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.