பெய்த மழை எங்கே போகிறது? செம்மண் கட்டும் ஓட்டின் கதை

"மழைக் கணக்கைக் கேட்டால் பெரிய குறைவு இல்லை என்கிறார்கள். அப்புறம் எங்கள் கிணறு மட்டும் ஏன் ஊறுவதில்லை?" தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவரே பதிலையும் சொல்லிவிடுவார்: "காலம் மாறிப்போச்சுங்க, முன்ன மாதிரி மழை இல்ல."

காலம் மாறியிருப்பது உண்மைதான். எப்படி மாறியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அதனால் கொட்டும்போது கூடுதலாகக் கொட்டுகிறது. மத்திய இந்தியாவின் 1951 முதல் 2000 வரையிலான பருவமழைப் பதிவுகளை ஆராய்ந்து வானிலை ஆய்வாளர் பி.என். கோஸ்வாமி குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கனமழை நாட்கள் கூடின, மிதமான மழை நாட்கள் குறைந்தன, ஒன்றையொன்று ஈடுகட்டியதால் மொத்த மழை பெரிதாக மாறவில்லை. அது தருமபுரியின் கணக்கு இல்லை. ஆனால் மொத்தம் மாறாமலேயே மழையின் குணம் மாறலாம் என்பதற்கு அதுவே சாட்சி. நம் பக்கம் பெருமழை எப்படியிருக்கும் என்பதை 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் காட்டிவிட்டுப் போனது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர்.

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,050 லிட்டர். 40 மி.மீ. மழை எட்டு மணி நேரம் நிதானமாகப் பெய்தால் மணிக்கு 5 மி.மீ.தான், மணிக்கு 10 மி.மீ. குடிக்கும் சுமாரான நிலம்கூட அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். அதே 40 மி.மீ. அரை மணியில் கொட்டினால் அந்த நிலம் குடிப்பது 5 மி.மீ.; மீதி 35 மி.மீ., அதாவது 1,40,000 லிட்டருக்கும் மேல், ஓடையைப் பார்த்துப் போய்விடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட பன்னிரண்டு நடை. மழைமானியில் இரண்டு நாளும் ஒரே எண்தான்.

நிலம் எவ்வளவு குடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அடியில் கிடக்கும் ஐந்தடி மண் என்றுதான் யாரும் நினைப்போம். நம் செம்மண்ணில் அதைத் தீர்மானிப்பது மேலே உள்ள சில மில்லிமீட்டர். இந்தச் சின்ன இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அரை மி.மீ. குறுக்களவுள்ள தூறல் துளி நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. கோடை மழையின் 5 மி.மீ. துளி இறங்குவது நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில். குறுக்களவு பத்து மடங்கு என்பதால் எடை ஆயிரம் மடங்கு. வேகத்தின் வர்க்கம் இருபது மடங்கு. ஆக, ஒரே ஒரு பெரிய துளி மண்ணை அறையும் ஆற்றல் ஒரு தூறல் துளியைப் போல 20,000 மடங்கு! மூடாத மண்ணில் அது விழும்போது மண் குருணை சிதறுகிறது. உடையக் காரணம் அடி மட்டுமல்ல. சித்திரை வெயிலில் காய்ந்த குருணைக்குள் காற்று அடைபட்டிருக்கும். சட்டென்று நனையும்போது நாலா பக்கமும் நீர் உள்ளே ஏற, காற்று நடுவில் நெருக்கப்பட்டு, கடைசியில் குருணையை உள்ளிருந்தே வெடிக்கவைக்கிறது. உலர்ந்த கட்டியை நீரில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டே சரிவது இதனால்தான்.

உடைந்த நுண்துகள்கள் நீரோடு இறங்கி, மண்ணின் துளைகளில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. காய்ச்சிய பால்மேல் ஆடை படிவதுபோல ஒரு படலம் உருவாகிறது. ஆஸ்திரேலிய மண்ணியலாளர் மெக்கின்டயர் 1958இல் இதை அளந்தார். மேல்தோல் 0.1 மி.மீ.; அதன் நீர்கடத்தும் திறன் அடிமண்ணைப் போல ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கு. அதற்குக் கீழே நுண்துகள் இறங்கி அடைத்த ஒன்றிரண்டு மி.மீ. அடுக்கில் 200இல் ஒரு பங்கு. தாள் கனத்துக்கு ஒரு தோல், ஐந்தடி மண்ணின் தாகத்தைத் தடுத்துவிடுகிறது! வெயில் பட்டதும் இது ஓடாக இறுகும். விதைத்த ராகி முளை அதை முட்டித் திறக்க முடியாமல் உள்ளேயே மடங்கிக் கிடக்க, பழி விதைக்காரர்மேல் விழுகிறது.

"மழை குறைந்துவிட்டது" என்று நம்புகிறவர் செய்யக்கூடியது, நீரை வேறிடத்தில் தேடுவதுதான்: தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பார், ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு (போர்) போடுவார். "மழை வருகிறது, மண்ணுக்குள் இறங்கவில்லை" என்று அறிந்தவர் தன் நிலத்தின் மேல்தோலைப் பார்ப்பார். இருவரும் காலநிலை மாற்றத்தை ஏற்றவர்கள்தான். கிராமங்களில் விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றத்தை முதலில் கண்டவர்களே அவர்கள்தான். அவர்கள் கைக்கு வராதது இந்த மண் இயக்கம் பற்றிய அறிவு. தேங்காய்க்கு நீரோட்டம் தெரியாது. பாறையின் வெடிப்பில் நீர் கிடைப்பது மழை உள்ளே இறங்கிய அளவைப் பொறுத்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மழையைப் பதியும் மானி ஒன்று வைத்தால் எவ்வளவோ விளங்கும். அதற்கு ஒதுக்கும் பணம் வீணாகாது.

ஆழமான போர் இந்த மண் ஓட்டினை இன்னும் மோசமாக்கவும் கூடும். பாறைக்குள் நெடுநாள் கிடந்த நீரில் பல இடங்களில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுதி. இப்படிக் கால்சியம் குறைந்த நீரில் புளோரைடும் எளிதில் கரையும். தருமபுரியின் பல் கறைக்கும் எலும்பு நோய்க்கும் பின்னால் இருப்பது அதே வேதியியல். சொட்டுநீர்க் குழாயின் வாயில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு, கால்சியம் நீரைவிட்டு விலகுவதன் அடையாளம். மண்ணிலும் அதுவே நடந்து சோடியம் மிஞ்சுகிறது. களிமண்ணின் நுண்ணிய தகடுகளைக் கால்சியம் சேர்த்துப் பிடிக்கும். சோடியம் அவற்றை விலக்கிவைக்கும். அடுத்த மழையில் குருணை கரைந்து ஓடு இன்னும் கெட்டியாகும்.

உங்கள் நிலத்தில் இதைச் சோதிக்க 6 அங்குல பி.வி.சி. குழாயில் 20 செ.மீ. துண்டு போதும். மேலே பலகை வைத்துச் சமமாகத் தட்டி 5 செ.மீ. இறக்குங்கள், கோணலாகத் தட்டினால் ஓடு விரிசல் விட்டுத் தப்பான கணக்கு வரும். உள்விளிம்பில் ஈர மண்ணை அழுத்தி ஒழுகலை அடையுங்கள். உள்ளே துணி விரித்து 350 மில்லி நீர் ஊற்றினால் அது 20 மி.மீ. மழை. காய்ந்த மண் முதல் தடவை வேகமாக உறிஞ்சும் என்பதால் இரண்டாவது தடவையைக் கணக்கில் எடுங்கள். 12 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 100 மி.மீ.; இரண்டு மணி நேரம் பிடித்தால் 10 மி.மீ. பக்கத்திலேயே மண் ஓட்டினை ஒரு செ.மீ. சுரண்டிவிட்டு மறுபடி செய்து பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

சரிசெய்ய முதல் வழி, துளி மண்ணைத் தொடாமல் பார்ப்பது. ராகியோடு அவரை, மொச்சை கலந்து விதைத்த பழைய வழக்கத்தில் இந்தப் பயனும் இருந்தது; படரும் இலை துளியைத் தாங்கிக்கொள்ளும். மூடாக்கு என்றால் ஏக்கருக்கு 2 டன் காய்ந்த சருகாவது வேண்டும். ராகித்தாளை மாட்டுக்குத்தான் போடுவார்கள், அதைக் கேட்பது நியாயமில்லை. கரும்புத் தோகை, கடலைத் தொலி, பூக்கும் முன் வெட்டிய உன்னிச்செடி ஆகியவை உதவும். மாந்தோப்புகளில் சருகைக் கூட்டிக் கொளுத்துவதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் காட்சி. கறையான் வரும் என்ற பயம் நியாயமானது. தண்டைச் சுற்றி ஓரடி விட்டுப் போடுங்கள். கோடை உழவு இந்த ஓட்டினை உடைக்கும், ஆனால் மூடாமல் விட்டால் ஒன்றிரண்டு பெருமழையில் மறுபடி கட்டிவிடும். ரோட்டவேட்டரால் மாவாக்கிய மண்ணில் இன்னும் சீக்கிரம் கட்டும். சரிவுக்குக் குறுக்கே உழுது, கட்டிகளை அப்படியே விடுங்கள். ஏக்கருக்கு 4 டன் தொழுவுரமோ 5 டன் மட்கிய தென்னைநார்க் கழிவோ குருணைகளை ஒட்டிவைக்கும்.

பட்டாணி அளவு உலர்ந்த கட்டியை ஒரு கிளாஸ் மழைநீரில் போட்டு அசைக்காமல் வையுங்கள். போர் நீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவை மறைத்துவிடும். கட்டி சரிந்து நீர் தெளிவாக இருந்தால் தேவை மூடாக்கும் தொழுவுரமும். சுற்றிலும் பால்போல் கலங்கினால் சோடியம் வேலை செய்கிறது. அப்போது போர் நீரைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, எஞ்சிய சோடியம் கார்பனேட் (RSC) அளவைக் கேளுங்கள். லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்குவலண்ட்டைத் தாண்டினால், கால்சியம் தரும் ஜிப்சம் இடாமல் அந்த நீரைப் பாய்ச்ச வேண்டாம்.