பழைய தாரா, புதிய தாரா?

பள்ளத்தில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது மட்டும் பம்பரமாய்ச் சுற்றுகிறது. மண்ணில் நிற்கும் மறு சக்கரம் அசையவே இல்லை. செகண்ட் ஹேண்டில் மஹிந்திரா தார் வாங்கப் போகிறவர், எந்த வருட மாடல் என்று கேட்பதற்கு முன் இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் டிஃபரன்ஷியல், அதாவது இரு சக்கரங்களுக்கும் நடுவே அச்சில் இருக்கும் பல்சக்கரத் தொகுதி. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அதனால் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது வழிவிடுகிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை. மறுபக்கத்துக்கும் அந்த ஒன்றுமில்லாததே போய்ச் சேருகிறது. முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வொரு சக்கரம் தூக்கிக்கொண்டால், 4 சக்கர இயக்கம் போட்டிருந்தும் வண்டி நின்ற இடத்திலேயே உறுமும்.

2010-இல் வந்த தார் இப்படித்தான் இருந்தது. 2015-இல் புதுப்பித்து வந்த சி.ஆர்.டி.இ என்ற டீசல் வகையில் பின்பக்க டிஃபரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். இரு சக்கரங்களின் சுழற்சி வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால், உள்ளே இருக்கும் சின்ன எடைகள் விரிந்து கொக்கி போல மாட்டிக்கொள்ளும். டக்! இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். பட்டன் கிடையாது, மின்சாரம் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த பாகம் இது.

2020 அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறையில் இந்தப் பூட்டு எல்லா வகைகளிலும் இல்லை. இல்லாத பலவற்றில், வீணாய்ச் சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை மறுபக்கம் தள்ளுகிறார்கள். 2023-இல் வந்த பின்சக்கர இயக்க வகையிலோ 4 சக்கர இயக்கமே கிடையாது. கியர் பக்கத்தில் 4 சக்கர இயக்கத்தைப் போடும் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, சொகுசு? பழையதில் பின்னால் பட்டை ஸ்பிரிங். சுமையைத் தாங்குவதும் அச்சைப் பிடித்து நிறுத்துவதும் அதுவே. சுமை இல்லாமல் காலியாக ஓட்டினால் முதுகு சொல்லும். புதியதில் காயில் ஸ்பிரிங், 2 ஏர்பேக், குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 4 நட்சத்திரம். பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போகிறவர் யோசிக்கவே வேண்டாம், புதியதுதான். மலைத்தோட்டத்துக்கு மட்டும் என்றால் 2015-க்குப் பிந்தைய சி.ஆர்.டி.இ போதும்.

“இந்த லீவரைத் தொட்டதே இல்லைங்க” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் உஷாராகுங்கள். தொடாத லீவர் இறுகிப்போயிருக்கலாம். மண் தரையில் 4 சக்கர இயக்கம் போட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க இதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே நடு டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் வண்டி முரண்டு பிடிக்க வேண்டும். (தாரைத் தார் ரோட்டில் இப்படிச் சோதிக்க வேண்டாம், டயர் வழுக்க இடமில்லாமல் பல்சக்கரங்கள் அடிவாங்கும்.) முரண்டே பிடிக்காமல் வெண்ணெயாய் வளைந்தால், முன்சக்கரங்களுக்கு விசை போகவில்லை என்று அர்த்தம்.