பசுந்தாளுர விதைக்குப் பாதி மானியம்: எவ்வளவு கிடைக்கும், எப்போது வாங்கி விதைக்க வேண்டும்?

'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நெல் போடுபவர்களுக்கு அதில் நேரடியாகப் பயன்படுவது பசுந்தாளுர விதை, அதாவது வயலில் வளர்த்துப் பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பயிரின் விதை, விநியோகம். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 50 சதவீத மானியம், ஒருவருக்கு ஒரு ஏக்கர் வரை. அதற்கு மேல் நிலம் இருந்தால் மீதி விதையை முழு விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

உழவன் செயலியில் பதிவு செய்யலாம்; இல்லையென்றால் ஆதார், சிட்டா நகல்களோடு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். ஒதுக்கீடு ஆண்டுதோறும் மாறும், இருப்பும் சீக்கிரம் தீரும். போவதற்கு முன் உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விதை கையில் வந்தும் பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் நாள் கணக்கு தவறுவதால்தான். நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மடக்கி உழுத பின் மக்குவதற்கு 7 முதல் 10 நாள், அதற்கு முன் செடி வளர 45 நாள். அக்டோபர் முதல் வாரம் சம்பா நடவு என்றால், ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் விதைத்தாக வேண்டும். விதைக்கும்போது கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போட்டால் வேர் முடிச்சுகள் நன்றாகப் பிடிக்கும். நான்கைந்து வாரச் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை. அடுத்த முறை விதையை ரைசோபியத்தில் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) நேர்த்தி செய்து விதையுங்கள்.

பூ எடுக்கத் தொடங்கியதும் வயலில் நீர் கட்டி மடக்கி உழுதுவிட வேண்டும். தண்ணீர் வரட்டும் என்று இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டால் தண்டு நார் பாய்ந்துவிடும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ள, நட்ட பயிர் மஞ்சளிக்கும். அவசரப்பட்டு, உழுத மறுநாளே நட்டாலும் கெடுதிதான். மக்கும்போது உண்டாகும் அமிலங்களும் வாயுக்களும் இளம் வேரைக் கருக்கிவிடும். சேற்றில் கால் வைத்தால் குமிழி வந்து அழுகிய முட்டை வாடை அடித்தால், நீரை வடித்து வயலை இரண்டு நாள் ஆற விடுங்கள்.

எந்த விதை என்பதும் முக்கியம். களர் நிலத்துக்கும் நீர் தேங்கும் இடத்துக்கும் தக்கைப்பூண்டு. சணப்பை வேகமாக வளரும், ஆனால் நீர் நின்றால் தாங்காது. கொளுஞ்சி விதைக்குத் தோல் கடினம். மணலோடு தேய்த்து விதைக்காவிட்டால் முளைப்பு குறைவாகவே இருக்கும்.

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நன்றாக வளர்ந்த பசுந்தாள் பயிர் ஏக்கருக்கு அந்த அளவுக்காவது மண்ணில் சேர்க்கும், ஆனால் முழுதும் இந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. அதனால் அடியுர யூரியாவை மட்டும் குறையுங்கள். மேலுரத்தை இலை வண்ண அட்டையோடு (பச்சை நிற அளவுகள் அச்சிட்ட அட்டை) இலையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் போடுங்கள்.