டைபோல்: வாங்கி அன்று, கொம்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பொழுதுபோக்காக வானொலி வழியே பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்கான உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடையே தமிழ்க் குறிப்புகள் சில கைமாறுகின்றன. தமிழில் எழுத முன்வந்தார்களே என்று மகிழ்ந்துதான் படிக்கத் தொடங்கினேன். நடுவில் பிரிந்த நேர்க்கம்பியான டைபோல் அண்டெனாவுக்குப் பக்கத்துக்குப் பக்கம் ‘இருமுனை அலைவாங்கி’ என்று எழுதியிருக்கிறார்கள். ஓரிடத்தில் ‘அலைவாங்கி வழியாக ஒலியை அனுப்பவும்’ என்றே இருக்கிறது. வாங்கி எப்படி ஐயா கொடுக்கும்?

முதலில் முன்பாதி. கிரேக்கத்தில் ‘டி’ என்றால் இரண்டு. ‘போலோஸ்’ என்றால் சுழலும் அச்சு, அதன் வழியே முனை. நடுவில் பிரிந்த கம்பிக்கு மின்னோட்டம் ஊட்டினால் ஒரு நுனி நேர்மின்னாகும் கணத்தில் மறுநுனி எதிர்மின்னாகும். பெயர்க் காரணம் அவ்வளவுதான். ‘இருமுனை’ போதும். ‘இருமுனையம்’ என்று நீட்டினால் டையோடு என்ற மின்னணு உறுப்புக்குப் போய்விடுகிறது. அந்தச் சொல்லுக்கு அங்கே ஏற்கெனவே பட்டா இருக்கிறது. ‘இருதுருவம்’ என்பாரும் உண்டு. வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. துருவம் என்றால் நிலையானது, அசையாதது. அமெச்சூர்க்காரர் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் இந்த இரு நுனிகளும் நொடிக்கு 14.5 கோடி முறை நேரும் எதிருமாக மாறி மாறி வருகின்றன. இதில் துருவம் எங்கே?

என் சண்டை பின்பாதியோடுதான். ‘அலைவாங்கி’ எப்படி வந்தது என்று ஊகிப்பது கடினமன்று. 1963 டிசம்பரில் மலேசியாவில் தொலைக்காட்சி வந்ததிலிருந்து நம் தோட்டத்துத் தகரக் கூரைகளில் நின்றவை படம் வாங்க மட்டுமே நின்றன. பார்த்ததை வைத்துப் பெயரிட்டார்கள். ஆனால் அதே கம்பி அலையை அனுப்பவும் செய்யும். 1880களின் இறுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியபோது அதை அனுப்பியதே ஒரு டைபோல்தான். பிறந்த அன்றே கொடுத்த பொருளுக்கு வாங்கி என்று பெயர்!

இது வெறும் சொல் வம்பு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்றபின் கூரைகளில் இருந்த பழைய விஎச்எஃப் ஏரியல்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்து குவிந்தன. அமெச்சூர்க்காரருக்கு அவை புதையல். ஆனால் எது எந்த அலைக்கானது என்று தெரிய வேண்டும். வழி எளிது: நடுவில் கறுப்புப் பெட்டி உள்ள கம்பியின் முழு நீளத்தை மீட்டரில் அளந்து, 142.5ஐ அந்த நீளத்தால் வகுத்தால் ஏறத்தாழ அதன் மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 71 சென்டிமீட்டர் இருந்தால் 200, பழைய தொலைக்காட்சியினுடையது. ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் பண்பலை வானொலிக்கானது. நமக்கு வேண்டிய 145க்கு 98 சென்டிமீட்டர், அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்கு 49.

வாங்குவதற்கு மட்டும் என்றால் நீளம் சற்று முன்பின்னானாலும் குடி முழுகாது. ஒலி கொஞ்சம் மங்கும். அனுப்பும்போது அப்படியன்று. நீளம் பொருந்தாவிட்டால் அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு கேபிள் வழியே திரும்பி வந்து செட்டின் கடைசி டிரான்சிஸ்டரைச் சூடேற்றும். ‘வாங்கி’ என்று படித்த பையன் 71 சென்டிமீட்டர் கம்பியை அப்படியே மாட்டிப் பொத்தானை அழுத்துவான். செட்டு போனால் யார் பொறுப்பு?

அண்டெனா என்ற சொல்லையே பாருங்கள். பூச்சியின் தலையில் நீட்டிக்கொண்டிருப்பவற்றை அரிஸ்டாட்டில் ‘கெராயா’, அதாவது கொம்பு, என்றார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பாய் தொங்கும் குறுக்குமரம் என்ற பொருளும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அவரை லத்தீனில் பெயர்த்த தியோடோரஸ் காசா குறுக்குமரத்தைக் குறிக்கும் ‘அண்டென்னா’வை அங்கே வைத்தார். அதுவே பிற்பாடு வானொலிக்கும் வந்தது. ஆக, மூலத்தில் இருந்தது கொம்பு. தமிழிலோ பூச்சிக்கு ‘உணர்கொம்பு’ இருக்கிறது, மரக்கிளையும் கொம்பு, ஊதும் கருவியும் கொம்பு. ஊதும் கொம்பு ஒலியைக் கொடுக்கிறது, பூச்சியின் கொம்பு செய்தியை வாங்குகிறது. இரண்டு வேலைக்கும் இடம் தரும் சொல் கையில் இருக்க, ஏன் வாங்கியோடு மல்லுக்கட்ட வேண்டும்? ‘அலைக்கொம்பு’, டைபோலுக்கு ‘இருமுனைக் கொம்பு’. ‘அலைக்கம்பம்’ என்பதையும் ஏற்க மாட்டேன். கம்பம் என்றால் கொம்பைத் தாங்கி நிற்கும் தூண். “கம்பத்தை அறு” என்றால் எதை அறுப்பது?

பேச்சில் ஏரியல் என்றே சொல்லுங்கள், குறையில்லை. தோட்டத்தில் கிழவிகள்கூட அறிந்த சொல். காற்றைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. வாங்குவதாகவும் கொடுப்பதாகவும் அது பொய் சொல்வதில்லை. தூய தமிழ் என்று பொய் சொல்வதைவிட மெய் சொல்லும் இரவல் மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதே இல்லை. அதே குறிப்புகளில் ஃபோல்டட் டைபோலுக்கு ‘மடக்கக்கூடிய அலைவாங்கி’ என்று போட்டிருக்கிறார்கள், குடைபோல மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதாக! அது இரு நுனிகளிலும் வளைந்து திரும்பி வந்து மூடிக்கொள்ளும் அலுமினியக் குழாய், தொழிற்சாலையிலேயே வளைத்தது. பழைய தொலைக்காட்சி ஏரியலின் நடுக்கம்பி பெரும்பாலும் இதுதான். சாதாரண டைபோலின் மின்தடுப்பு (இம்பீடன்ஸ்) 73 ஓம். இதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு, 300 ஓம். அதனால்தான் அக்காலத்தில் அதற்குப் பொருந்தும் 300 ஓம் தட்டை ஒயர் வைத்தார்கள். அந்த மடிந்த குழாயில் நம் 50 ஓம் கேபிளை நேராக முறுக்கிக் கட்டக் கூடாது. ‘மடிகொம்பு’ என்று எழுதினால் வடிவம் கண்ணில் நிற்கும். வேலைக்கு அதை விட்டுவிட்டு, அதே ஏரியலின் குறுக்குக் கம்பிகளில் இரண்டை எடுத்து 49 சென்டிமீட்டராக அறுத்து, வெள்ளைப் பொடி பூத்த முனைகளைத் தேய்த்துப் புது திருகு போட்டு, செங்குத்தாக நிறுத்துங்கள். தொலைக்காட்சிக்குப் படுக்கையாக நின்றது, உள்ளூர்ப் பேச்சுக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும்.